மோஷன் கிராஃபிக்ஸில் சத்தம் படுத்தும் பாடு: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அசையும் கிராஃபிக்ஸ் செய்யும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சாஃப்ட்வேரில் ஆடியோ ஃபைல்களைக் கையாள்வது பற்றியவை. அவற்றையும், கடைசியில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் பற்றிய ஒரு கேள்வியையும் எடுத்துக்கொண்டோம். விண்டோஸ் கீபோர்டை வைத்தே ஷார்ட்கட்களைச் சொல்லியிருக்கிறோம். மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன்.

கே: மியூசிக்கை எம்பி3 ஆகவே போட்டு வேலை பார்க்கிறேன். வேவ் ஃபைலாக மாற்றச் சொல்கிறார்கள். காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தானே கேட்கிறது? (விளம்பர ஸ்டுடியோ ஊழியர், கோவை)

ப: காதுக்கு ஒன்றாகக் கேட்கலாம். டைம்லைனில் இரண்டும் ஒன்றல்ல. எம்பி3 ஒலியை 1,152 சாம்பிள் (ஒரு கணத்து ஒலியின் அளவு) கொண்ட துண்டுகளாகச் சுருக்கி வைக்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு துண்டு ஏறக்குறைய 26 மில்லி விநாடி. சுருக்கும்போது ஃபைலின் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் வெற்று ஒலி சேர்ந்துவிடும். பாட்டாகக் கேட்கும்போது அது தெரியாது. அதே ஃபைலை லூப் போட்டால், ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஒரு விக்கல் மாதிரி இடைவெளி விழும். வேரியபிள் பிட்ரேட்டில் (சுருக்கும் அளவு இடத்துக்கு இடம் மாறும்படி) சுருக்கிய எம்பி3 என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு: டைம்லைனின் நடுவில் போய் நின்று பிளே செய்யும்போது சில நேரம் சரியான இடத்திலிருந்து தொடங்காது.

மாற்றுவது எளிது. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் திறந்து, புராஜெக்ட் ரேட்டை 48,000 ஹெர்ட்ஸ் ஆக்கி, 16 பிட் வேவ் ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வாய்ஸ் ஓவர் என்றால் 24 பிட் வைத்துக்கொள்ளலாம். ஏன் 48? வீடியோ உலகின் வழக்கமான சாம்பிள் ரேட் அதுதான், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் புராஜெக்ட் செட்டிங்ஸிலும் ஆடியோ பகுதியில் அதுதான் இயல்பாக இருக்கும்.

ஒன்றை மனதில் வையுங்கள். வேவ் ஆக மாற்றியதால் எம்பி3 இழந்த தரம் திரும்பி வராது, தொடக்கத்தில் சேர்ந்த வெற்று ஒலியும் தானாகப் போகாது. லூப் போடும் ஃபைல் என்றால் இரு முனையையும் கையால் வெட்டித்தான் ஆக வேண்டும். முடிந்தால் மியூசிக் வாங்கும் இடத்திலேயே வேவ் கேட்டு வாங்குங்கள். இடம் அடைக்குமே என்ற கவலை வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்குச் சுமார் 11.5 எம்பி. ரெண்டர் செய்யும் வீடியோவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

கே: ஸ்பேஸ்பார் தட்டினால் படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. சில நாள் சத்தம் வருகிறது, ஆனால் இழுத்து இழுத்து வருகிறது. (மாணவி, யாழ்ப்பாணம்)

ப: இரண்டும் வேறு வேறு கோளாறு.

சத்தமே இல்லையென்றால் முதலில் லேயரின் (டைம்லைனில் அடுக்கிய ஒவ்வொரு வரிசையின்) இடப்பக்கம் இருக்கும் ஸ்பீக்கர் குறி இருக்கிறதா பாருங்கள். அடுத்து பிரிவியூ பேனல். பலர் கவனிக்காத இடம் இது: அங்கே ஸ்பேஸ்பாருக்கு ஒரு செட்டிங், நம்பர் பேட் 0-க்கு இன்னொரு செட்டிங் என்று ஒவ்வொரு ஷார்ட்கட்டுக்கும் தனித்தனியாக இருக்கும். ஒன்றில் ஸ்பீக்கர் அணைந்திருந்தாலும் மற்றொன்றில் சத்தம் வரும். மேலே ஷார்ட்கட்டில் ஸ்பேஸ்பாரைத் தேர்ந்தெடுத்து, ஸ்பீக்கர் குறியை ஆன் செய்யுங்கள். அதுவும் சரியாக இருந்தால் பிரிஃபரன்ஸஸில் ஆடியோ ஹார்டுவேர். சாஃப்ட்வேர் திறந்த பிறகு ஹெட்செட் சொருகியிருந்தால் அது பழைய ஸ்பீக்கரையே பிடித்துக்கொண்டிருக்கலாம். டீஃபால்ட் அவுட்புட்டில் ஹெட்செட்டை மறுபடி தேர்ந்தெடுங்கள்.

இழுத்து வருவது ஆடியோவின் குற்றமல்ல. ஃபிரேம்கள் கணக்கிட்டு முடியாத நிலையில் பிளே ஆவதால் படம் மெதுவாகிறது, சத்தமும் அதோடு தடுமாறுகிறது. பிரிவியூ பேனலில் 'கேச் பிஃபோர் பிளேபேக்' டிக் போட்டால் முதலில் ஃபிரேம்களைக் கேச் செய்துவிட்டு (கணக்கிட்டுச் சேமித்துவிட்டு) அப்புறம் ஓட்டும். ரெசல்யூஷனை ஹாஃப் அல்லது குவார்ட்டர் ஆக்கினால் காத்திருப்பு குறையும். சத்தத்தை மட்டும் கேட்டால் போதும் என்றால் நம்பர் பேடில் உள்ள புள்ளியைத் தட்டுங்கள். படத்தைத் தொடாமல் ஆடியோ மட்டும் ஓடும். ஒரு குறிப்பிட்ட சொல் எங்கே விழுகிறது என்று தேட, கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு பிளேஹெட்டை (டைம்லைனில் நிற்கும் இடத்தைக் காட்டும் கோட்டை) இழுத்தால் அந்தந்த இடத்தின் ஒலி கேட்கும்.

கே: பாட்டின் பீட்டுக்குச் சரியாக எழுத்துகள் விழ வேண்டும். கீஃபிரேமை (அசைவின் மதிப்பைக் குறிக்கும் புள்ளியை) நகர்த்தி நகர்த்திச் சலித்துவிட்டது. முதலில் ஒத்துப்போகிறது, பாட்டின் பாதியில் விலகிவிடுகிறது. (லிரிக் வீடியோ செய்பவர், மதுரை)

ப: பாதியில் விலகுவதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்கு. ஒரு பீட்டுக்கு எத்தனை ஃபிரேம் என்று பார்க்க, ஃபிரேம் ரேட்டை 60-ஆல் பெருக்கி, பாட்டின் பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்பதால்) வகுக்க வேண்டும். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் காம்போசிஷனில் (லேயர்களை அடுக்கிய காட்சியில்) 100 பிபிஎம் பாட்டுக்குச் சரியாக 15 ஃபிரேம். 120 பிபிஎம் என்றால் 12.5. அரை ஃபிரேமில் கீஃபிரேம் நிற்காது. 128 பிபிஎம் என்றால் 11.72. இதை 12 என்று வைத்துக்கொண்டு அதே இடைவெளியில் காப்பி–பேஸ்ட் செய்துகொண்டே போனால், 32 பீட் தாண்டும்போது 9 ஃபிரேம் பிந்தியிருப்பீர்கள். மூன்றில் ஒரு பங்கு விநாடிக்கு மேல். யார் கண்ணுக்கும் தெரியும்.

அதனால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு பீட்டின் இடத்தையும் பாட்டின் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டு, கடைசியில் மட்டும் முழு ஃபிரேமுக்குக் கொண்டுவாருங்கள். ஃபிரேம் ரேட் உங்கள் விருப்பம் என்றால் இன்னும் நல்லது: 120 பிபிஎம் பாட்டுக்கு 24-இல் 12 ஃபிரேம், 30-இல் 15 ஃபிரேம் என்று முழு எண்ணாக விழும்.

கணக்குப் போட விருப்பமில்லையா? மியூசிக் லேயரைத் தேர்ந்தெடுத்து, நம்பர் பேட் புள்ளியால் ஓடவிட்டு, ஒவ்வொரு பீட்டுக்கும் நம்பர் பேடில் உள்ள நட்சத்திரக் குறியைத் தட்டுங்கள். மார்க்கர் விழும். நம்பர் பேட் இல்லாத மேக் லேப்டாப்பில் கண்ட்ரோலும் 8-உம் (இங்கே கமாண்ட் அல்ல, கண்ட்ரோலே). விண்டோஸ் லேப்டாப் என்றால் எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் போய் வேறு சாவி வைத்துக்கொள்ளலாம். லேயரைத் தேர்ந்தெடுக்காமல் தட்டினால் மார்க்கர்கள் காம்போசிஷனில் விழும், பிறகு பாட்டை நகர்த்தினால் கூட வராது.

கையால் தட்டிய மார்க்கர் எப்போதும் சற்றுப் பிந்தியே இருக்கும். எல் சாவியை இருமுறை வேகமாகத் தட்டி வேவ்ஃபார்மைத் திறந்து, பெரிதாக்கி, ஒலி செங்குத்தாக எழும் இடத்துக்கு மார்க்கரை இழுத்து வையுங்கள்.

இன்னொன்று. இதையெல்லாம் புளூடூத் ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டு செய்யவே செய்யாதீர்கள். சாதாரண புளூடூத்தில் ஒலி 150 முதல் 250 மில்லி விநாடி வரை பிந்தி வருவது சகஜம். 200 மில்லி விநாடி என்றால் 25 ஃபிரேம் ரேட்டில் 5 ஃபிரேம். உங்கள் காதுக்குச் சரியாக வைத்தது மற்ற எல்லோருக்கும் தப்பாக விழும். ஒயர் ஹெட்போன் போதும், விலை உயர்ந்ததாக இருக்கவேண்டியதில்லை.

கே: வாய்ஸ் ஓவர் தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது. மெயின் காம்போசிஷனில் கேட்டால் சத்தம் கூடி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. எந்த எஃபெக்டும் போடவில்லை. (கல்வி வீடியோ தயாரிப்பவர், திருச்சி)

ப: உங்கள் வாய்ஸ் ஓவர் இரண்டு முறை ஒலிக்கிறது. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பிரீகாம்ப் (மெயினுக்குள் வைக்கும் துணைக் காம்போசிஷன்) செய்திருப்பீர்கள். உச்சரிப்புக்கு ஏற்ப அசைவு வைக்க அதற்குள் குரலையும் போட்டிருப்பீர்கள். பிறகு மெயினிலும் முழு வாய்ஸ் ஓவர் இருக்கும். இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஒலி 6 டெசிபல் கூடும். ஓரிரு ஃபிரேம் தள்ளி விழுந்தால் சில அலைகள் ஒன்றையொன்று அழித்து, நீங்கள் சொல்லும் கிணற்றுக் குரல் வரும்.

மெயினில் பிரீகாம்ப் லேயர்களின் ஸ்பீக்கர் குறியை அணைத்தால் உடனே சரியாகும். ஆனால் நாளைக்கு இன்னொரு பிரீகாம்ப் சேர்க்கும்போது மறந்துபோகும். நிரந்தர வழி: பிரீகாம்புக்குள் இருக்கும் குரல் லேயரை வலது கிளிக் செய்து கைடு லேயர் ஆக்கிவிடுங்கள். உள்ளே வேலை செய்யும்போது கேட்கும், வெளியே உள்ள காம்போசிஷனுக்குப் போகாது. இறுதி ஒலி மெயின் காம்போசிஷனில் மட்டும், அடியில், லாக் செய்த லேயர்களாக இருக்கட்டும். கண்ட்ரோலும் எல்லும் சேர்த்து அழுத்தினால் லாக்.

கே: லோகோ மியூசிக்குக்கு ஏற்றபடி துடிக்க வேண்டும். 'கன்வர்ட் ஆடியோ டு கீஃபிரேம்ஸ்' போட்டேன். லோகோ நடுங்குகிறதே தவிரத் துடிக்கவில்லை. (வாசகர், சிங்கப்பூர்)

ப: அந்தக் கட்டளை ஒவ்வொரு ஃபிரேமின் மொத்த ஒலி அளவையும் எண்ணாக்கித் தருகிறது. பாடுபவர் குரல், கிடார், சிம்பல் எல்லாம் அதில் கலந்திருக்கும். டிரம்முக்கு மட்டும் துடிக்க வேண்டுமென்றால் டிரம்மை மட்டும் அதற்குக் கேட்கக் கொடுக்க வேண்டும்.

காம்போசிஷனை டூப்ளிகேட் செய்து, மியூசிக் தவிர மற்ற எல்லா ஆடியோவையும் அணையுங்கள். இந்தக் கட்டளை காம்போசிஷனில் ஒலிக்கும் எல்லாவற்றையும் சேர்த்தே எடுக்கும் என்பதால் இது முக்கியம். மியூசிக் லேயரில் 'ஹை–லோ பாஸ்' எஃபெக்ட் போட்டு, லோ பாஸ் தேர்ந்தெடுத்து, கட்ஆஃப் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வையுங்கள். இப்போது கிக் டிரம்மும் பேஸும் மட்டும் கேட்கும். சிம்பலுக்கு மின்ன வேண்டும் என்றால் ஹை பாஸ் வைத்து 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எடுங்கள். பிறகு அனிமேஷன் மெனு, கீஃபிரேம் அசிஸ்டன்ட், கன்வர்ட் ஆடியோ டு கீஃபிரேம்ஸ். 'ஆடியோ ஆம்ப்ளிடியூட்' என்று ஒரு நல் லேயர் (படத்தில் தெரியாத வெற்று லேயர்) வரும். அதில் இடது, வலது, இரண்டும் சேர்ந்தது என மூன்று ஸ்லைடர். அந்த நல்லைக் காப்பி செய்து லோகோ இருக்கும் காம்போசிஷனில் பேஸ்ட் செய்யுங்கள்.

லோகோவின் ஸ்கேலில் ஆல்ட் அழுத்தி ஸ்டாப்வாட்சைக் கிளிக் செய்து, பிக்விப்பை (இணைப்பு போடும் சுருள் குறியை) 'போத் சேனல்ஸ்' ஸ்லைடருக்கு இழுங்கள். இரண்டு வரி எழுதிக்கொள்ளும். அப்படியே விட்டால், ஒலி இல்லாதபோது ஸ்கேல் பூஜ்யமாகி லோகோவே காணாமல் போகும். முதல் வரியின் கடைசியில், அரைப்புள்ளிக்கு முன்னால் * 1.5 + 100 என்று சேருங்கள். ஸ்லைடர் 0 முதல் 20 வரை ஏறி இறங்கினால் லோகோ 100-க்கும் 130-க்கும் நடுவே துடிக்கும். உங்கள் மியூசிக்கில் உச்சம் எவ்வளவு என்று கிராஃப் எடிட்டரில் பார்த்துப் பெருக்கும் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

மிச்ச நடுக்கத்துக்கு 'ஸ்மூதர்' பேனல் இருக்கிறது. ஸ்லைடரின் கீஃபிரேம்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, டாலரன்ஸ் 1-இல் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அதிகம் போனால் அடி விழும் கூர்மையே மழுங்கிவிடும். இந்தக் கீஃபிரேம்கள் எழுதி வைத்தவை, ஆடியோவோடு உயிர்த்தொடர்பு கிடையாது. மியூசிக்கை மாற்றினாலோ நகர்த்தினாலோ மறுபடி கன்வர்ட் செய்ய வேண்டும்.

எங்கள் கருத்து: 10 விநாடி லோகோவுக்கு இத்தனை பாடு தேவையில்லை. மார்க்கர் வைத்துக் கையால் போட்ட எட்டுப் பத்து கீஃபிரேம் இதைவிட அழகாக இருக்கும். நீளமான பாட்டுக்கோ இருபது முப்பது பொருள் ஒன்றாக ஆட வேண்டிய இடத்துக்கோ இந்த வழி சரி.

கே: மொபைலில் எடுத்த பேட்டியில் கிராஃபிக்ஸ் சேர்க்கிறேன். தொடக்கத்தில் உதடும் குரலும் சேர்ந்திருக்கிறது, போகப் போக விலகுகிறது. (செய்திச் சேனல் எடிட்டர், சென்னை)

ப: மொபைல் வேரியபிள் ஃபிரேம் ரேட்டில் எடுத்திருக்கும். வெளிச்சத்துக்கும் வேலைப்பளுவுக்கும் ஏற்ப அது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதைக் கூட்டிக் குறைக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் எல்லா ஃபிரேமையும் ஒரே இடைவெளியில் அடுக்கப் பார்க்கிறது. வேலை தொடங்குமுன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் சாஃப்ட்வேரில் போட்டு, வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட்டைத் தேர்ந்தெடுத்து 'கான்ஸ்டன்ட்' வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். பாதி வேலை முடிந்த பிறகு மாற்றினால் கீஃபிரேம்கள் எல்லாம் இடம் தவறும்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 'இன்டர்பிரெட் ஃபுட்டேஜ்' போய் 23.976 வீடியோவை யாராவது 24 என்று மாற்றியிருந்தால், படத்தின் நீளம் மாறும், அதனுள் இருக்கும் ஒலியின் நீளம் மாறாது. ஒரு நிமிடத்தில் ஒன்றரை ஃபிரேம்தான் விலகும், தெரியாது. பத்து நிமிடப் பேட்டியின் கடைசியில் 0.6 விநாடி விலகியிருக்கும். விலகல் நேரத்தோடு சீராகக் கூடினால் இதுவே காரணம். முன்னும் பின்னுமாக ஆடினால் வேரியபிள் ஃபிரேம் ரேட்.

கே: ஃபேட் அவுட் வைத்தால் மியூசிக் சட்டென்று காணாமல் போகிறது. வெட்டிய இடங்களில் 'டிக்' என்று சத்தம் வேறு. (வாசகர், ஈரோடு)

ப: ஆடியோ லெவல்ஸில் 0-இலிருந்து −48 வரை கீஃபிரேம் வைத்திருப்பீர்கள். அது டெசிபல் கணக்கு. பாதி நேரம் போவதற்குள் −24-க்கு வந்துவிடும், குரலுக்கு அடியில் அந்த மியூசிக் கேட்கவே கேட்காது. 'ஸ்டீரியோ மிக்ஸர்' எஃபெக்ட் போட்டு இடது, வலது லெவல்களை 100 சதவீதத்திலிருந்து 0-க்குக் கொண்டுவாருங்கள். பாதி வழியில் 6 டெசிபல்தான் குறைந்திருக்கும், இறக்கம் இதமாக இருக்கும்.

'டிக்' சத்தம், அலையின் நடுவில் வெட்டியதால் வருவது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கு நடுவே வெட்ட முடியாது. 25 ஃபிரேம் ரேட்டில் ஒரு ஃபிரேமுக்குள் 1,920 சாம்பிள் அடங்கியிருக்கிறது, அலை பூஜ்யத்தைத் தொடும் இடம் ஃபிரேமின் எல்லையில் விழுந்தால் அது தற்செயல். வெட்டின் இரு பக்கமும் இரண்டு ஃபிரேம் ஃபேட் வைத்தால் அடங்கும். வெட்டு நிறைய இருந்தால் அடோபி ஆடிஷனிலோ ஆடாசிட்டியிலோ ஒட்டி முடித்த ஒரே வேவ் ஆகக் கொண்டுவருவதுதான் முறை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஒலி எடிட் செய்யும் இடம் அல்ல.

கே: வாடிக்கையாளர் வாய்ஸ் ஓவரை நாலு முறை மாற்றினார். ஒரே பெயரில் சேவ் செய்ததால் எது புதிது என்று தெரியவில்லை. நண்பருக்கு புராஜெக்ட் அனுப்பினால் அவரிடம் ஆடியோ எல்லாம் 'மிஸ்ஸிங்'. (ஃப்ரீலான்சர், சேலம்)

ப: ஒரே பெயரில் மேலெழுதாதீர்கள். சாஃப்ட்வேர் பழைய ஒலியைக் கேச்சில் வைத்துக்கொண்டு அதையே ஒலிபரப்பும் ஆபத்தும் இருக்கிறது. kural_01, kural_02 என்று எண் போடுங்கள், ஃபைல் பெயரை ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் வைத்தால் ஜிப் செய்து வேறு கணினியில் திறக்கும்போது தொல்லை இல்லை. புராஜெக்ட் ஃபோல்டருக்குள் ஆடியோ என்று ஒன்று, அதற்குள் குரல், மியூசிக், எஃபெக்ட்ஸ் என்று மூன்று. டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தோ வாட்ஸ்அப் ஃபோல்டரிலிருந்தோ நேராக இழுத்துப் போடும் பழக்கம்தான் பாதி 'மிஸ்ஸிங்'குக்குக் காரணம்.

புதிய குரல் வந்தால் புராஜெக்ட் பேனலில் பழைய ஃபைலைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலும் ஹெச்சும். அது பயன்பட்ட எல்லாக் காம்போசிஷனிலும் மாறும். ஒரே ஒரு லேயரில் மட்டும் மாற்ற, லேயரைத் தேர்ந்தெடுத்து, புதிய ஃபைலை ஆல்ட் அழுத்திக்கொண்டு அதன்மேல் இழுத்து விடுங்கள். மாற்றியபின் லேயரின் வால் பகுதியைப் பாருங்கள். புதிய குரல் நீளமாக இருந்தாலும் லேயர் பழைய நீளத்திலேயே நின்று கடைசிச் சொல்லை விழுங்கிவிடும். மார்க்கர்களும் பழைய இடத்திலேயே நிற்கும்.

அனுப்பும்போது ஃபைல் மெனு, டிபெண்டன்சீஸ், கலெக்ட் ஃபைல்ஸ். புராஜெக்டையும் எல்லா ஃபுட்டேஜையும் ஒரே ஃபோல்டரில் திரட்டித் தரும். ஃபோல்டர் முழுவதையும் ஜிப் செய்து அனுப்புங்கள். ஏற்கெனவே காணாமல் போனவற்றுக்கு, நண்பர் ஒரு ஃபைலை வலது கிளிக் செய்து ரீபிளேஸ் ஃபுட்டேஜ் மூலம் காட்டினால் போதும். அதே ஃபோல்டர் அமைப்பில் இருக்கும் மற்றவை தாமாகச் சேர்ந்துகொள்ளும்.

கே: சி டிரைவில் சிஎஃப்ஏ, பெக் என்று ஆயிரக்கணக்கில் ஃபைல். அழிக்கலாமா? (வாசகர், கொழும்பு)

ப: அழிக்கலாம். சுருக்கிய ஆடியோவைச் சாஃப்ட்வேர் தன் வசதிக்கு விரித்து எழுதியது சிஎஃப்ஏ, வேவ்ஃபார்ம் வரைபடம் பெக். மூலஃபைல் இருக்கும்வரை மறுபடி உருவாகும். கையால் அழிப்பதைவிட, பிரிஃபரன்ஸஸில் மீடியா அண்ட் டிஸ்க் கேச் போய் 'கிளீன் டேட்டாபேஸ் அண்ட் கேச்' அழுத்துங்கள். அங்கேயே ஃபோல்டரை வேறு டிரைவுக்கும் மாற்றிவிடலாம். வீடியோ எடிட்டரான பிரீமியரும் இதே கேச்சைப் பயன்படுத்துவதால் அங்கே திறந்த புராஜெக்ட்களும் அடுத்த முறை திறக்கச் சற்று நேரம் எடுக்கும்.

கே: ரெண்டர் முடிந்த ஃபைலில் சத்தம் இல்லை. (பெயர், ஊர் இல்லை)

ப: அவுட்புட் மாட்யூலின் அடியில் ஆடியோ அவுட்புட் 'ஆஃப்' ஆக இருக்கிறதா பாருங்கள், 'ஆட்டோ' அல்லது 'ஆன்' வேண்டும். பிஎன்ஜி சீக்வென்ஸ் (ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் படம்) எடுத்திருந்தால் அதில் ஒலிக்கு இடமே கிடையாது. அதே காம்போசிஷனை இன்னொரு அவுட்புட் மாட்யூலில் வேவ் ஃபார்மட் வைத்துத் தனியே எடுத்துச் சேருங்கள், படத்தை மறுபடி ரெண்டர் செய்ய வேண்டாம்.

கே: டாவின்சி ரிசால்வில் ஃபியூஷன் பக்கத்தில் ஆடியோவே கேட்பதில்லை. (வாசகர், புதுச்சேரி)

ப: பிளே பட்டன்களின் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் குறியை வலது கிளிக் செய்து, எந்த மீடியாஇன் (கிளிப்பை உள்ளே கொண்டுவரும் நோடு) ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள். எடிட் பக்கத்தில் ஆடியோவை மாற்றிய பிறகும் பழையதே கேட்டால், மீடியாஇன் நோடின் ஆடியோ டேபில் 'பர்ஜ் ஆடியோ கேச்' அழுத்துங்கள். ஃபியூஷனில் கேட்டு அசைவைப் பொருத்த மட்டுமே முடியும். வெட்டுவது, ஏற்றி இறக்குவது எல்லாம் ரிசால்வின் ஒலிப் பக்கமான ஃபேர்லைட்டில்.